காக்கையும் பனம்பழமும், கீழே நின்ற ஆளும்

கடலூரில் இருந்து புதுச்சேரிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். 22 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் காலை நேரத்தில் ஒரு மணி நேரம் ஆகிவிடும். போன மாதம் ஒரு நாள் போனில் சுத்தமாக சார்ஜ் இல்லை, வேறு வழியில்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனேன். நோணாங்குப்பம் பாலத்தில் பஸ் ஏறியதும் கீழே சுண்ணாம்பாறு, ஓரத்தில் படகுகள். கல்லூரி கடைசி வருஷம் கூடப் படித்த ஒருவனோடு இங்கே படகில் போனதும், அவன் ஒரு கால் செருப்பை ஆற்றில் விட்டுவிட்டு மிச்சமிருந்த இன்னொன்றையும் கோபத்தில் தண்ணீரில் வீசியதும் ஞாபகம் வந்தது. 11 வருஷமாக அவனோடு பேச்சே இல்லை. சண்டையெல்லாம் கிடையாது, அப்படியே விட்டுப்போயிற்று. அரியாங்குப்பம் தாண்டி முருங்கப்பாக்கத்தில் பஸ் நின்றது. முன்வாசல் வழியாக அவன் ஏறினான்.

கை ரோமமெல்லாம் நட்டுக்கொண்டது. பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "அவனுக்கு ஆயுசு நூறுடா" என்றாள். நமக்கு இதற்கெல்லாம் சொல் பஞ்சமே கிடையாது. நினைத்த நேரத்தில் ஆள் வந்தால் நூறு ஆயுசு. தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் எங்கோ யாரோ நம்மை நினைக்கிறார்கள். பேச்சுக்கு நடுவே சுவரில் பல்லி கத்தினால் சொன்னது உண்மை, உடனே தரையையோ மேசையையோ விரலால் தட்ட வேண்டும். யாரோ வாய் தவறிச் சொன்னது நடந்துவிட்டால் வாய்முகூர்த்தம். யோசித்துப் பார்த்தால் இவை எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: மனசுக்குள் ஓடுவதும் வெளியே நடப்பதும் தனித்தனி இல்லை, நடுவில் ஏதோ ஒரு நூல் ஓடுகிறது.

இதே ஊரில், இதே வாய்கள்தான் இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்கின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வடமொழியில் இதையே காகதாலீயம் என்பார்கள். காக்கை உட்கார்ந்ததால் பழம் விழவில்லை, அது பழுத்திருந்தது, விழுந்தது, அந்த நேரம் பார்த்துக் காக்கை வந்தது, அவ்வளவுதான். யாராவது தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று பெருமை அடித்தால் இதைச் சொல்லி வாயை அடைப்போம். எனக்கு இந்தப் பழமொழியில் வெகுநாளாக ஒரு குறை உண்டு. கதையில் காக்கை இருக்கிறது, பழம் இருக்கிறது. மரத்தடியில் நின்று இரண்டையும் ஒருசேரப் பார்த்த ஆள் எங்கே? அவன் இல்லாவிட்டால் இது கதையே இல்லையே.

சரி, ஐரோப்பாவுக்குப் போவோம். இந்த விஷயத்துக்கு ஒரு பெரிய பெயர் வைத்து ஒரு கோட்பாடாகவே ஆக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961). அவர் வைத்த பெயர் சிங்க்ரோனிசிட்டி. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இல்லாமல், அர்த்தத்தால் மட்டும் இணைந்து ஒரே சமயத்தில் நிகழும் இரண்டு விஷயங்கள். அவர் சொன்ன உதாரணம் உலகப் பிரசித்தம். எதையும் அறிவாலேயே அளக்கிற ஒரு பெண்மணி சிகிச்சைக்கு வருகிறார், சிகிச்சை நகரவே மாட்டேன் என்கிறது. ஒரு நாள் தன் கனவைச் சொல்கிறார்: யாரோ தனக்குத் தங்கத்தில் செய்த ஸ்கராப் வண்டு நகை ஒன்றைக் கொடுத்ததாக. ஸ்கராப் என்பது பழைய எகிப்தில் மறுபிறப்பின் அடையாளம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே யுங்குக்குப் பின்னால் ஜன்னலில் டொக் டொக் என்று சத்தம். திறந்தால் பொன்பச்சை நிறத்தில் ஒரு வண்டு உள்ளே பறந்து வருகிறது, அந்த ஊரில் ஸ்கராபுக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிற ரோஜா வண்டு. அதைப் பிடித்து, இதோ உங்கள் வண்டு என்று அந்தப் பெண்ணிடம் நீட்டினாராம். அதற்கப்புறம் சிகிச்சை சரசரவென்று நகர்ந்தது.

இதில் யுங்கின் திறமையைக் கவனிக்க வேண்டும். வண்டு வந்தது வண்டின் வேலை. அதைப் பிடித்து அந்தப் பெண்ணின் கையருகே நீட்டத் தோன்றியது மருத்துவரின் வேலை. அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அது ஜன்னலில் முட்டிய பல்லாயிரம் வண்டுகளில் ஒன்று.

யுங்குக்குப் பக்கத்துணையாக நின்றவர் ஒரு சாமியார் என்றால் நாம் கண்டுகொள்ளாமல் போய்விடலாம். நின்றவர் வுல்ஃப்காங் பவுலி. குவாண்டம் இயற்பியலைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர், 1930-லேயே நியூட்ரினோ என்ற துகள் இருந்தாக வேண்டும் என்று சொன்னவர், 1945-ல் நோபல் பரிசு வாங்கியவர். வாய் பொல்லாத மனுஷன், சக விஞ்ஞானிகளின் தப்பை முகத்துக்கு நேரே கிழிப்பார். சொந்த வாழ்க்கையில் அடிபட்டு 1932 வாக்கில் யுங்கிடம் வந்தவர், நூற்றுக்கணக்கான கனவுகளை எழுதிக் கொடுத்தார். அதில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து இருபது வருஷத்துக்கும் மேல் நீண்டது. 1952-ல் இருவரும் சேர்ந்தே ஒரு நூல் வெளியிட்டார்கள். யுங்கின் சிங்க்ரோனிசிட்டி கட்டுரை வந்தது அதில்தான்.

பவுலியைப் பற்றி இயற்பியல்காரர்கள் இன்னொன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் ஆய்வகத்துக்குள் கால் வைத்தால் கருவி உடையுமாம். ஹாம்பர்க்கில் நண்பர் ஓட்டோ ஸ்டெர்ன் தன் ஆய்வகத்துப் பக்கமே வராதே என்று தடை போட்டிருந்தார். நம்மூர் பாஷையில் ராசியில்லாத கை. பவுலிக்கே அதில் பாதி நம்பிக்கை இருந்தது என்பதுதான் வேடிக்கை. அப்புறம் அந்த 137. மின்காந்த விசையின் வலுவைக் குறிக்கிற ஒரு மாறிலி உண்டு, அதன் மதிப்பு ஏறக்குறைய 137-ல் ஒரு பங்கு. அது ஏன் அந்த எண்ணாக இருக்கிறது என்பது பவுலியை வாழ்நாள் முழுக்க அரித்த கேள்வி. 1958 டிசம்பரில் வயிற்று வலியோடு சூரிச் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பார்க்க வந்த உதவியாளரிடம், அறை எண்ணைப் பார்த்தாயா என்று கேட்டார். 137. இங்கிருந்து உயிரோடு போகமாட்டேன் என்றார். போகவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய். அறை எண் 136 ஆக இருந்திருந்தாலும் அதே முடிவுதான், நமக்குச் சொல்ல ஒரு கதை மட்டும் இருந்திருக்காது.

யுங்கை இந்தப் பக்கம் தள்ளியதில் சீனாவின் யி ஜிங்குக்கும் பங்குண்டு. குச்சிகளை எண்ணியோ காசுகளைச் சுண்டியோ 64 குறிகளில் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய வாசகத்தில் தன் கேள்விக்குப் பதில் தேடுவது. நமக்கு இது புதுசா? பொண்ணு வீட்டுக்காரர்கள் சம்மதம் சொல்லும் முன் கோயிலில் பூக் கேட்பதில்லையா? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே அளவு இலையில் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏன் குழந்தை? பெரியவர் எடுத்தால் கை தெரிந்தே ஒரு பக்கம் போகும். புள்ளியியல் ஆட்கள் இதை வேறு பெயரில் சொல்வார்கள், ஆனால் தேர்வு செய்கிறவனுக்கு எது எதுவென்று தெரியக்கூடாது என்ற எச்சரிக்கை அப்படியே அதே எச்சரிக்கை. என் அக்கா கல்யாணத்துக்குப் பூக் கேட்டபோது வெள்ளை வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "இன்னொரு தடவை கேப்போம்" என்றார். அந்த நொடியில் அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று, அவருக்கும்தான். பூ சொன்னது அதைத்தான்.

ஜாதகத்தையும் யுங் விடவில்லை. கல்யாணமான ஜோடிகளின் ஜாதகங்களைச் சேகரித்தார். முதல் கட்டில் 180 ஜோடி, கடைசியில் மொத்தம் 483. ஒருவர் ஜாதகத்துச் சந்திரன் இன்னொருவர் சூரியனோடோ, சந்திரனோடோ, லக்னத்தோடோ கூடியிருந்தால் பொருத்தம் என்பது அங்கத்திய பழைய நம்பிக்கை. நிஜ ஜோடிகளில் அது அதிகம் வருகிறதா என்று பார்க்க, அதே 180 ஆணையும் 180 பெண்ணையும் மாற்றி மாற்றிச் சேர்த்து 32,220 பொய் ஜோடிகளையும் உருவாக்கி ஒப்பிட்டார். கம்ப்யூட்டர் கைக்கு வராத காலத்தில் இது சாமானிய உழைப்பு இல்லை. முதல் கட்டில் சூரியன்–சந்திரன் சேர்க்கை துள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. அடுத்த கட்டில் அது பின்னுக்குப் போய் வேறொன்று வந்தது. மூன்றாவதில் இன்னொன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை, தற்செயலாக வருகிற அளவுதான். யுங் இதை மறைக்கவில்லை, அதற்காக அவரை மெச்சலாம். ஆனால் அப்புறம் சொன்னார் பாருங்கள்: ஆய்வாளன் ஆர்வத்தோடு இருந்தபோது அவன் எதிர்பார்த்தபடியே எண்கள் வந்ததே, அதுவே ஒரு சிங்க்ரோனிசிட்டிதான் என்று. இங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. வந்தாலும் சாட்சி, வராவிட்டாலும் சாட்சி என்றால் அந்தக் கோட்பாட்டை யாராலும் தோற்கடிக்க முடியாது. தோற்கவே முடியாத பந்தயத்தில் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது?

கணக்குக்கு வருவோம், ரொம்ப நேரம் எடுக்காது. ஒரு அறையில் 23 பேர் இருந்தால் அதில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க ஐம்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே வாய்ப்பு உண்டு. உங்கள் பிறந்தநாளே இன்னொருவருக்கும் இருக்க அதே அளவு வாய்ப்பு வேண்டுமானால்? 253 பேர் வேண்டும். பதினோரு மடங்கு. நடந்தபிறகு ஆச்சரியப்படுகிற நாம் எப்போதும் 253-ஐ மனசில் வைத்துக்கொண்டு வியக்கிறோம், உண்மையில் நடந்துகொண்டிருப்பது 23-ன் ஆட்டம். அவன்தான் வர வேண்டும், அன்றுதான் வர வேண்டும் என்று நான் முன்கூட்டி எழுதி வைக்கவில்லையே. பழைய வாத்தியார் ஏறியிருந்தாலும், எப்போதோ குடியிருந்த வீட்டின் ஓனர் ஏறியிருந்தாலும் இதே ரோமம்தான் நட்டிருக்கும். லிட்டில்வுட் என்ற ஆங்கிலேயக் கணித மேதையின் பெயரில் ஒரு கணக்கு சொல்வார்கள்: விழித்துக் கவனமாக இருக்கிற நேரத்தில் நொடிக்கு ஒரு நிகழ்ச்சி என்று வையுங்கள், நாளைக்கு 8 மணி நேரம், 35 நாளில் பத்து லட்சம் ஆகிவிடும். பத்து லட்சத்தில் ஒன்று என்கிற அதிசயம் மாசத்துக்கு ஒன்று வந்தே தீர வேண்டும். இது கொஞ்சம் விளையாட்டுக் கணக்குதான், ஆனாலும் திசை சரி.

நடக்காததை நாம் எண்ணுவதும் இல்லை. கடலில் புயலுக்குத் தப்பியவர்கள் கோயிலில் வைத்த காணிக்கைப் படங்களைக் காட்டி, தெய்வம் இல்லையென்கிறாயே இதைப் பார் என்றபோது, கிரேக்க நாத்திகன் தியாகொரஸ், வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே என்று கேட்டதாக ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். தேவனாம்பட்டினத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி உறைக்கும். 2004 டிசம்பர் 26 பற்றிக் கேட்டால், அன்றைக்குப் பார்த்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன், அன்றைக்குப் பார்த்து ஆழ்கடலில் இருந்தேன், அங்கே அலையே தெரியவில்லை, கரைக்கு வந்துதான் பார்த்தோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அன்றைக்குப் பார்த்துக் கரைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதையைச் சொல்ல அவர்கள் இல்லை.

ஆனால் பஸ்ஸில் நடந்ததை வெறும் எண்ணிக்கையில் முடித்துவிட எனக்கு மனசில்லை. காரணம் வேறு. அவன் ஞாபகம் எனக்கு எங்கே வந்தது? நோணாங்குப்பம் பாலத்தில். ஏன் அங்கே? அவனோடு நான் சுற்றிய இடம் அது. ஏன் அங்கே சுற்றினோம்? அவன் அந்தப் பக்கத்துப் பையன். அவன் ஏன் முருங்கப்பாக்கத்தில் ஏறினான்? அந்தப் பக்கத்துப் பையன் என்பதால்தான். நினைப்பைக் கொண்டுவந்ததும் ஆளைக் கொண்டுவந்ததும் ஒரே ரோடு. யுங் சொன்னபடி நினைப்பு ஆளை இழுக்கவில்லை என்பது சரி. ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் தப்பு, இரண்டுக்கும் பின்னால் ஒரே காரணம் நிற்கிறது, நம் கண்ணுக்குச் சாதாரணமாகப் படுவதால் அதைக் கணக்கில் சேர்க்க விட்டுவிடுகிறோம். பனம்பழத்தையே எடுங்களேன். ஆவணி மாசம் பழம் கனிந்தால் வாசனைக்கு வண்டும் பூச்சியும் வரும், பூச்சியைத் தேடிக் காக்கையும் வரலாம். விழப்போகிற பழத்தின் மேல்தான் காக்கை உட்கார அதிக நியாயம் இருக்கிறது.

எல்லாத் தற்செயலையும் இப்படிப் பிரித்துவிட முடியுமா? முடியாது. புதுச்சேரியிலேயே ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று மரைன் வீதி ஆசிரமத்தில் வரிசை நிற்கும், கொடியேற்றத்துக்காக இல்லை, அது அரவிந்தர் பிறந்தநாள். அவர் பிறந்தது 1872. விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய், 1910-ல் இங்கே வந்து, அப்புறம் ஊரை விட்டு அகலாதவர். நாடு விடுதலை அடைந்தது அவருடைய 75-வது பிறந்தநாளில். இதைத் தற்செயல் என்று தான் எடுத்துக்கொள்ளவில்லை, தன் அடிகளை நடத்தும் தெய்வ சக்தியின் முத்திரை என்றே எடுத்துக்கொள்வதாக வானொலிக்குத் தந்த செய்தியில் அவர் சொன்னார். மவுண்ட்பேட்டனைக் கேட்டால் தேதிக்குக் காரணம் வேறு: ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நாள் அது. இரண்டும் உண்மை. ஒன்று தேதி எப்படி வந்தது என்பது, மற்றது வந்த தேதியை ஒரு மனுஷர் எப்படி வாங்கிக்கொண்டார் என்பது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு: அன்றைக்குப் புதுச்சேரி இந்தியாவிலேயே இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி முழுமையாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. ஒரே ஒரு நாள் தள்ளி! அந்த ஒரு நாளைக்கு யாரும் அர்த்தம் கண்டுபிடிப்பதில்லை, பாவம்.

சரி, மனசு பொருளை அசைக்குமா என்ற மூலக் கேள்வி? கடலூர்க்காரனுக்கு இதற்குப் பதில் கையிலேயே உண்டு. கல்லில் கட்டிக் கடலில் தள்ளிய திருநாவுக்கரசர், நமச்சிவாய என்று பாட, கல் தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரைக்கு வந்தது. அந்த இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர். நான் கோயிலுக்குப் போகிறவன், அந்தப் பதிகம் கேட்டால் எனக்கும் நெஞ்சு நனையும். ஆய்வகத்தில் மிதக்க வைத்துப் பார்த்தார்களா என்றால், முயன்றார்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 2007 வரை ஒரு ஆய்வகம் இதற்கென்றே நடந்தது. தானாக எண்களைக் கொட்டும் ஒரு கருவி, அதன் முன்னால் ஒரு ஆள், எண் கூட வேண்டும் அல்லது குறைய வேண்டும் என்று மனசால் நினைப்பார். மிகமிகச் சின்ன விலகல் தெரிகிறது என்றார்கள். 2000-ல் அவர்களும் ஜெர்மனியில் இரண்டு ஆய்வகங்களும் சேர்ந்து திரும்பச் செய்தபோது அந்த விலகல் வரவில்லை.

உடனே குவாண்டம் என்பார்கள். பிணைந்த துகள்கள் பற்றிய சோதனைகளுக்கு 2022-ல் நோபல் கொடுத்தது நிஜம்தான். தூரத்தில் இருக்கும் இரண்டு துகள்களின் அளவீடுகள் ஒத்துப்போகும், ஆனால் அதைக்கொண்டு ஒரு சேதிகூட அனுப்ப முடியாது, இயற்பியலே அதை அனுமதிக்காது. கவனிப்பவர் என்று அங்கே சொல்வது ஒரு கருவியைத்தான், உங்கள் நினைப்பை இல்லை. ஆக, அத்தையை நினைத்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தால், அதற்கும் குவாண்டத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

உண்மையான புதிர் வேறு இடத்தில், மிக அருகில் இருக்கிறது. பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643-ல் தத்துவவாதி தெகார்த்துக்கு எழுதிய கடிதத்தில் கேட்டாள்: மனசு இடத்தை அடைக்காது, எடையும் இல்லை என்கிறீர்கள், அப்படியானால் அது உடம்பை எப்படித் தள்ளுகிறது? தெகார்த் சுற்றிச் சுற்றிப் பதில் எழுதினார், அவள் விடவில்லை. இப்போது நரம்பு, மின்னோட்டம், தசை என்று ஒவ்வொரு கண்ணியாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மின்னோட்டம் ஏன் எனக்கு ஒரு நினைப்பாகத் தெரிகிறது, பாலத்தைப் பார்த்ததும் பழைய செருப்பு ஏன் உள்ளே வந்து நிற்கிறது என்பதற்கு நேரான பதில் இன்னும் வரவில்லை. யுங்கும் பவுலியும், மனசும் பொருளும் ஒரே அடித்தளத்தின் இரண்டு முகங்கள் என்று சந்தேகப்பட்டார்கள். வண்டையும் அறை எண்ணையும் சாட்சிக்கு இழுத்ததுதான் வம்பு, கேள்வி நல்ல கேள்வி. யுங் 1938 ஜனவரியில் கல்கத்தாவில் அறிவியல் மாநாட்டுக்கு வந்தவர் தெற்கே வரை வந்தும் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்க்காமல் திரும்பினார், வேண்டுமென்றேதான். புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். மனசையும் பொருளையும் பற்றி இரண்டு பேரும் பேசியிருக்கலாம், பேசவில்லை.

ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1958-ல், பவுலி இறந்த அதே வருஷம், கிளாஸ் கான்ராட் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர், கடுமையான மனநோய் தொடங்கும் கட்டத்தில் கண்ணில் படுவதெல்லாம் அர்த்தமாகத் தெரிவதை விவரித்தார். பஸ் நம்பர், டிவி செய்தி, எதிர்வீட்டு விளக்கு, எல்லாமே தன்னைப் பற்றி. சிலிர்ப்பு இல்லை அது, பயம். வீட்டில் யாராவது இப்படித் தூங்காமல் பேசினால் பரிகாரம் தேடாமல் டாக்டரிடம் கூட்டிப் போவது நல்லது.

அவன் கதையை முடிக்கவில்லையே. இறங்கி பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ குடித்தோம். உன்னை நினைச்சேன்டா, ரெண்டே நிமிஷம், நீ ஏறிட்ட என்று பாலம், படகு, செருப்பு எல்லாம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை, பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சிரித்தான்.

"நான் ரெண்டு வருஷமா இதே பஸ்லதாண்டா வர்றேன். உன்னை நாலஞ்சு தடவை பார்த்திருக்கேன். நீ காதுல மாட்டிக்கிட்டு போனையே பார்த்துக்கிட்டிருப்ப, கூட்டத்துல எங்க போய்க் கூப்பிடுறதுன்னு விட்டுட்டேன்" என்றான்.